முதல் ஈடு ஏன் வேகவில்லை?

அத்தியாயம் 6

சின்னுசாமி நாமக்கல்லில் ஹார்ன் அடித்தால் மோகனூரில் மாடு மிரளும். இருபத்திரண்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கும்போது அதன் ஹார்னை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, தன் சின்னக் காரில் மாட்டிக்கொண்டவர்.

"அண்ணா, ரோடு காலியாத்தான இருக்குது? எதுக்கு அடிக்கறீங்க?" என்றாள் துப்பறிவாளர் தனப்பிரியா.

"காலியா இருக்கறதுக்குக் காரணமே இந்த ஹார்னுதானுங்க அம்மிணி."

தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் ஒரே ஒரு தாள். அதில் இரண்டே இரண்டு நேரங்கள்.

திங்கட்கிழமை காலை 6.20. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் திருப்புதல் தேர்வின் வினாத்தாள், கணினித் திரையைப் படம் பிடித்த கோலத்தில், நாமக்கல் டியூஷன் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்து விழுந்தது. ஆறு பள்ளிகள் சேர்ந்து எழுத வேண்டிய தேர்வு, அன்றே ரத்து.

அதே திங்கட்கிழமை காலை 6.31. பொன்விடியல் உறைவிடப் பள்ளியின் சர்வரில் பூட்டி வைத்திருந்த அந்த வினாத்தாளைத் தேர்வுப் பொறுப்பாளர் குமரன் அச்சடிப்பதற்காகத் திறந்தார். சர்வரின் பதிவேடு அப்படித்தான் சொல்லுகிறது.

"அதாவது, பொட்டியத் தொறக்கறதுக்குப் பதினோரு நிமிசம் முன்னாலயே உள்ள இருந்த நகை வெளிய போயிருச்சு. திருடன் பொட்டிக்குள்ளயே குடியிருந்தானுங்களா?"

"பெட்டிக்குள்ள வெச்சவங்க ஒருத்தர் இருக்காங்கல்ல அண்ணா? கேள்வியத் தட்டச்சு பண்ணிப் பூட்டுன ரஞ்சனி டீச்சர். திறக்கறதுக்கு முன்னாடியே அது தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க."

இன்று பன்னிரண்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. ரஞ்சனியை வேலையை விட்டு நீக்கி, போலீஸில் புகாரும் கொடுத்துவிடுவார்கள். பிறகு நாமக்கல் முதல் சேலம் வரை எந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியையும் அந்தப் பெண் மிதிக்க முடியாது.

தனப்பிரியாவை வரச்சொன்னவர் தாளாளர் சந்தோஷ்குமார். வேறு யாருமில்லை, அவளுடைய பெரியப்பா மகன். அவள் மகள் இனியா பதினோராம் வகுப்புப் படிப்பதும் அங்கேதான். "அண்ணன் பள்ளிக்கூடம் இருக்கையில் வேறெங்கே சேர்ப்பேன்?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு சேர்த்தவள்.

ரஞ்சனி பள்ளி வாசலிலேயே நின்றிருந்தாள். சேலம் நெசவுக் குடும்பத்துப் பெண். பன்னிரண்டு வருடமாக இதே பள்ளியில் இயற்பியல். மூன்று நாளாகச் சாப்பிடாத முகத்தில், ஆச்சரியமாக, ஒரு தைரியம் இருந்தது.

"எனக்குப் பயம் இல்ல மேடம். சார் என்னை நம்புறாரு. நம்புறதாலதான உங்களைக் கூப்பிட்டிருக்காரு?"

சர்வர் அறை, குளிரில் ஐஸ்கிரீம் கிடங்கை வெட்கப்பட வைத்தது. குமரன் ஒல்லியாக, பணிவாக இருந்தார். பள்ளியின் கணினி ஆளும் அவர்தான். தாளாளரின் கடிதத்தைப் பார்த்ததும் முழு அனுமதியோடு திரையைத் திறந்துவிட்டார்.

தனப்பிரியா துப்பறிய வருமுன் ஆறு வருடம் சேலத்தில் எடைமேடைக் கணினிகளைப் பழுது பார்த்தவள். லாரி ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் இடித்துக்கொண்டால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆளை அல்ல, கடிகாரத்தை.

போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். போனில் 10.04, பன்னிரண்டு நொடி. சர்வரில் 10.04, பன்னிரண்டு நொடி.

"போச்சுங்க. ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்குது. டீச்சர் மாட்டிக்கிட்டாங்க" என்றார் சின்னுசாமி.

"இருங்கண்ணா. இது லினக்ஸ்."

"அது எந்த ஊர்க் கம்பெனிங்க?"

"அப்புறம் சொல்றேன். எந்தக் கம்ப்யூட்டர் கடிகாரமும் தானா ஓடுனா நாளுக்குச் சில நொடி தப்பும். அதனால அது அடிக்கடி இன்டர்நெட்ல இருக்கற நேர சர்வர்கிட்ட 'மணி என்னங்க?'ன்னு கேட்டுத் திருத்திக்கும். இது கேக்குதான்னு பாப்போம்."

ஒரு கட்டளை தட்டினாள். நேரம் வெளியுலகத்தோடு ஒத்துப்போகிறதா என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்று வந்தது.

"ஃபயர்வால்ல அடைச்சிருக்கோம் மேடம். பசங்க பாதுகாப்புக்காக" என்றார் குமரன், கேட்கும் முன்பே.

அப்படியா என்று அவள் தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே வெளி சர்வர் ஒன்றிடம் அந்தக் கணினியிலிருந்தே மணி கேட்டாள். கண்ணிமைப்பதற்குள் பதில் வந்தது. வழி எதுவும் அடைபடவில்லை. அடுத்து அமைப்புக் கோப்பைத் திறந்தாள். யார் யாரிடம் மணி கேட்க வேண்டும் என்று எழுதிய நான்கு வரிகளும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஹாஷ் குறி. அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டு மூன்று மாதம் ஆகிறது.

குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வகுப்பு இருக்கிறது என்று கிளம்பினார். கிளம்பிய வேகத்துக்கு அவருடைய செருப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் பின்னால் போனது.

"அண்ணா, இந்தக் கம்ப்யூட்டர் மூணு மாசமா யாருகிட்டயும் மணி கேக்கல. குறைஞ்சது நாலஞ்சு நிமிசமாவது தப்பாக் காட்டணும். ஆனா ஒரு நொடி கூடத் தப்பல."

"ஏனுங்க, சரியா மணி காட்டறது ஒரு குத்தங்களா?"

"இங்க குத்தம்தான். யாரோ தினமும் கையில புடிச்சுத் திருத்தி விடறாங்க. தப்புப் பண்ணாத ஒண்ண எதுக்குத் திருத்தணும்?"

சின்னுசாமி யோசித்தார். அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தால் வயிறு அதைவிட வேகமாக வேலை செய்யும். "இதுக்கு மேல இட்லி இல்லாம என்னால முடியாதுங்க" என்று நேரே விடுதிச் சமையற்கூடத்துக்கு நடையைக் கட்டினார்.

அங்கே மிச்சமிருந்த இட்லியைப் பிட்டு வாயில் போட்டவர், போட்ட வேகத்தில் நிறுத்தினார்.

"அம்மிணி, மேல பஞ்சு, நடுவுல பசை. இத வெச்சு லாரி டயருக்குப் பஞ்சரே ஒட்டலாமுங்க."

அடுப்பருகே நின்றிருந்த பழனியம்மாளின் முகம் சுருங்கியது. தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு முப்பது வருடமாகப் பொங்கிப் போடுகிற கை அது.

"அது மொத ஈட்டு இட்லி சாமி. மூணு மாசமா எனக்கு இந்தப் பீடைதான். மொத ஈடு வேக மாட்டீங்குது, கடைசி ஈடு வறண்டு கல்லாப் போவுது. ஒரே மாவு, ஒரே ஆவி, ஒரே கை. உனக்கு வயசாயிருச்சு, கைப்பக்குவம் போயிருச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்."

தனப்பிரியாவின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எவ்வளவு நேரம் வேக வைப்பீங்க?"

"பன்னெண்டு நிமிசம். முப்பது வருசமாப் பன்னெண்டு. அந்தச் சுவத்து மணியப் பாத்துத்தானுங்க எறக்கறேன்."

சுவரில் சிவப்பு எண்கள் மின்னும் மின்னணுக் கடிகாரம். விடுதி, வகுப்பறை, சமையற்கூடம் என்று பள்ளி முழுக்க நூற்றுக்கு மேல் அதே கடிகாரங்கள். எல்லாம் கம்பி வழியே அந்த ஒரு சர்வரிடம்தான் மணி வாங்குகின்றன.

"உங்க போன்ல பாக்க மாட்டீங்களா?"

"போனு ஏதுங்க? ராத்திரி ஒம்போதரைக்கு வார்டனு, வாட்ச்மேனு, நாங்க, எல்லாரும் ஆபீஸ் பீரோல குடுத்தரோணும். காத்தால ஒம்போது மணிக்குத்தான் திருப்பித் தருவாங்க. கைக்கடியாரமும் கட்டக்கூடாதுங்க."

சேர்க்கையின்போது தனப்பிரியா கைதட்டாத குறையாகப் பாராட்டிய விதி அது.

"முதல் ஈடு எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்குங்க. புள்ளைங்க நாலரைக்குத்தான எந்திரிக்கும். கடைசி ஈடு எட்டு மணிக்கு."

பிள்ளைகள் தூங்கும்போது பன்னிரண்டு நிமிடம் போதவில்லை. பிள்ளைகள் படிக்கும்போது பன்னிரண்டு நிமிடம் அதிகமாகிறது. தனப்பிரியா இரண்டு ஈட்டிலிருந்தும் ஒவ்வொரு இட்லியை எடுத்து, தடயம் எடுக்கிற பயபக்தியோடு டிபன் பாக்ஸில் வைத்தாள்.

"இட்லிய லேபுக்கு அனுப்பறமுங்களா?" என்றார் சின்னுசாமி.

"இதுதாண்ணா லேபு."

திரும்பி வந்து சர்வரில், குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். அன்றாட நகலெடுப்பு, அச்சு எந்திரம், இப்படி நாலைந்து. கடைசியில் மூன்று வரி. இரவு 10.00, காலை 4.30, காலை 9.00. மூன்றுக்கும் ஒரே பெயர்: 'தண்ணீர் மோட்டார்'.

"மோட்டார் போடற வேலை. அப்ப இதுல ஒண்ணும் இல்ல" என்று அடுத்த பக்கத்துக்குப் போகப் போனாள்.

"நில்லுங்க அம்மிணி!" சின்னுசாமி மார்பை நிமிர்த்தினார். "இந்தப் பள்ளிக்கூடத்து போர் நான் போட்டதுங்க. தொள்ளாயிரத்து நாப்பது அடி. பாறைய ஒடைச்ச சத்தத்துல கொல்லிமலையே ஒரு அடி நகந்து உக்காந்துச்சு. அந்த மோட்டார் தொட்டில தண்ணி கொறஞ்சாத் தானாப் போடும், நெறஞ்சாத் தானா நிக்கும். கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் ஒரு நூலு கூடக் கெடையாதுங்க."

தனப்பிரியா அந்தக் கோப்பைத் திறந்தாள். உள்ளே மோட்டாரும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இரவு பத்து மணிக்கு ஒரு கட்டளை, கடிகாரத்தை வேகமாக ஓட்டியது. காலை நாலரைக்கு ஒன்று, மெதுவாக ஓட்டியது. ஒன்பது மணிக்கு ஒன்று, வெளியிலிருந்து ஒரே ஒருமுறை மணி கேட்டு நேராக்கி நிறுத்தியது. பத்து முதல் நாலரை வரை ஆறரை மணி நேரத் தூக்கம். நிஜத்தில் அது ஆறே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பறித்த அரைமணியை நாலரைக்கும் ஒன்பதுக்கும் இடையே படிப்பில் கலந்துவிடுகிறார்கள். ஆசிரியர்கள் போனும் கையுமாக வரும் ஒன்பது மணிக்கு எல்லாம் சுத்தம்.

தாளில் கணக்குப் போட்டாள். காலை ஆறரை வாக்கில் பள்ளிக் கடிகாரம் பதினேழு நிமிடம் முந்தி ஓடியிருக்கும். பதிவேட்டின் 6.31 என்பது உலகத்துக்கு 6.14. வினாத்தாளைக் குமரன் திறந்தது 6.14. அது வெளியே போனது 6.20. பெட்டி திறந்து ஆறு நிமிடம் கழித்துத்தான் நகை போயிருக்கிறது. திறந்தபோது அந்த அறையில் இருந்தது குமரன் ஒருவர்தான். பதிவேடு தன்னைக் காப்பாற்றும் என்று தெரிந்து செய்திருக்கிறார். கடிகாரத்தை முடுக்கியவரே அவர்தானே.

வழக்கு முடிந்தது. சின்னுசாமி விரலைச் சொடுக்கினார். தனப்பிரியா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இனியா விடுதி போனில் பேசியது காதில் கேட்டது. 'தூக்கமே பத்தலம்மா. கண்ணெல்லாம் எரியுது.' அதற்கு அவள் சொன்ன பதிலும் கேட்டது. 'ஆறரை மணி நேரம் தூங்கறது பத்தலையா உனக்கு? சோம்பேறித்தனம் பண்ணாம படி.'

தாளாளர் அறையில் சந்தோஷ்குமார் எழுந்து வந்து வரவேற்றார். "வா பிரியா, டீ சாப்புடு."

"அண்ணா, இந்தக் கடிகாரம் குமரன் தானாப் பண்ணின வேலைன்னு நெனச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் முகத்தில் அதிர்ச்சியைத் தேடினாள். மேசையடியில், பீரோவின் பின்னால் என்று எங்கே தேடினாலும் அது இல்லை.

"கண்டுபுடிச்சுட்டியா?" என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "நான்தான் பண்ணச் சொன்னேன். அரைமணி நேரம்தான பிரியா? புள்ளைங்களுக்குத் தெரியவா போவுது? சீக்கிரம் எழுப்புனா அப்பா அம்மா வந்து சண்டைக்கு நிக்கறாங்க. ரிசல்ட் கொறஞ்சாலும் அவங்கதான் சண்டைக்கு வாராங்க. ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல. உம்புள்ளைக்கும் சேத்துத்தான் பண்ணினேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் குமரனுக்கும்."

"அப்போ, பதிவேட்டுல 6.31னு வந்த அன்னைக்கே அது பொய்னு உங்களுக்குத் தெரியும். ரஞ்சனி பண்ணலைன்னு மொத நாளே தெரியும்."

சந்தோஷ்குமார் டீயை ஆற்றினார். ஏற்கெனவே ஆறிப்போன டீ.

"குமரன வெளிய தள்ளுனா அவன் கடிகாரத்த வெளிய சொல்லுவான். தொள்ளாயிரம் குடும்பம் வந்து நிக்கும். ரஞ்சனி கெட்டிக்காரி, எங்கயாவது பொழச்சுக்குவா."

மேசை மேல் ஒரு காகிதம் இருந்தது. தனப்பிரியா டிடெக்டிவ் சர்வீஸ் என்று தலைப்பு, 'பதிவேட்டைச் சரிபார்த்தேன், நேரம் சரியாக உள்ளது' என்று ஒரு பத்தி, கீழே கையெழுத்துக்கு இடம். நேற்றைய தேதியில் தட்டச்சு செய்தது. அவள் இந்தப் பள்ளிக்குள் கால் வைப்பதற்கு முந்தின நாள்.

"எத்தனையோ டிடெக்டிவ் இருக்கறப்ப என்ன எதுக்கு அண்ணா கூப்பிட்டீங்க?"

"நீ நம்ம ஊட்டுப் புள்ள. கேட்ட எடத்துல கையெழுத்துப் போடுவேன்னு நெனச்சேன்."

தனப்பிரியா அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "குழு முன்னால பேசிக்கலாங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணா என்று அழைத்த வாயிலிருந்து அந்த 'ங்க' மட்டும்தான் வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் குழுவில் ஐந்து பேர். சுவர் ஓரமாக ரஞ்சனி. தனப்பிரியா அதற்குள் சர்வரில் இரவு பத்து மணிக் கட்டளையைத் தன் கையால் ஓட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஒரு ஈடு இட்லி வேகற நேரம் மட்டும் குடுங்க. பன்னிரண்டு நிமிசம். சுவர்க் கடிகாரத்தப் பாருங்க, நான் போன்ல ஓட விடறேன். யாரும் பேச வேண்டாம்."

ஐந்து பெரிய மனிதர்கள் பேசாமல் இருந்த பன்னிரண்டு நிமிடம் நாமக்கல் மாவட்ட வரலாற்றிலேயே அதுவாகத்தான் இருக்கும். சுவரில் பன்னிரண்டு முடிந்தது. தனப்பிரியா போனைத் தூக்கிக் காட்டினாள். பதினோரு நிமிடம், ஐந்து நொடி.

கதவைத் தள்ளிக்கொண்டு பழனியம்மாள் தட்டோடு வந்தாள். "பன்னெண்டு நிமிசம் ஆச்சுங்க, எறக்கிட்டேன்." குழுத் தலைவர் ஒரு இட்லியைப் பிட்டார். விரலில் மாவு ஒட்டியது.

"இதே கடிகாரம்தான் டீச்சர் மேல சாட்சி சொல்லுதுங்க" என்றாள் தனப்பிரியா. பிறகு மற்றதையெல்லாம் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே, ஏழு ஊருக்குக் கேட்கும்படி ஒரு ஹார்ன். ஜன்னல் வழியே பார்த்தால், பைக் நிறுத்தும் இடத்துக்குக் குறுக்கே சின்னுசாமியின் கார். அந்தப் பக்கம் ஹெல்மெட்டும் கையுமாகக் குமரன்.

புகாரில் பெயர் மாறியது. தலைவர் ரஞ்சனியிடம் வருத்தம் தெரிவித்தார். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"சாருக்கு இது முதல் நாளே தெரியுமா மேடம்?"

சந்தோஷ்குமார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சனி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். பன்னிரண்டு வருடக் கயிறு, ஓரம் நைந்திருந்தது. அதை அவர் முன்னால், இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க என்னை நம்புறீங்கன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டிருந்தேன் சார்" என்றாள். குரல் உயரவில்லை. போய்விட்டாள்.

தனப்பிரியா சர்வர் அறைக்குப் போய் மூன்று மோட்டார்களையும் அழித்தாள். நான்கு ஹாஷ் குறிகளையும் எடுத்தாள். மணி கேட்கும் சேவையை மறுபடி தொடங்கினாள். சிறிது நேரத்தில் 'இல்லை' என்ற வரி 'ஆம்' என்று மாறியது. தன் மகளிடம் சொல்ல அவளிடம் அவ்வளவு எளிதாக ஒரு வரி இல்லை.

வாசலில் வாட்ச்மேன் வெளியே போகும் பதிவேட்டை நீட்டினார். மாணவி பெயர், இனியா. அழைத்துச் செல்பவர், அம்மா. காரணம் என்ற கட்டத்தில் அவள் 'தூக்கம்' என்று எழுதினாள்.

"தூக்கமுங்களா?" வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சரி, மணி எத்தனைன்னு போடட்டுங்க?" பழக்கத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு பத்து. இன்னைக்குச் சுவத்துலயும் அதுதான்."

காரின் பின்சீட்டில் இனியா ஏறினாள். தனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரம் செய்த வேலையைச் சொல்லி முடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னப்ப நீ நம்பலைல்லம்மா? கடிகாரத்தத்தான் நம்புன."

தனப்பிரியா திரும்பிப் பார்ப்பதற்குள், அந்தப் பிள்ளை அம்மாவின் தோளில் சரிந்து தூங்கிப்போயிருந்தது.

முன்னால் முட்டை லாரி ஒன்று, சாலை முழுவதையும் பட்டா போட்டு வாங்கியதுபோல நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தது. சின்னுசாமியின் கை பழக்கத்தில் ஹார்னுக்குப் போனது. கண்ணாடியில் ஒருமுறை பின்சீட்டைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

நாமக்கல் வரை பதினோரு கிலோமீட்டர். லாரிக்குப் பின்னாலேயே, சத்தமில்லாமல் ஓட்டி வந்தார்.